பந்தியில் யார் பக்கத்தில் யார்?

மேற்குச் சென்னைச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

பாடியிலிருந்து பட்டாபிராம் வரைக்கும், அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் இருக்கிற நம் சபைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மணிக்கூண்டு வைத்த பழைய ஆலயமானாலும் சரி, மொட்டைமாடியில் தகர ஷீட் போட்டு ஆராதனை நடத்துகிற சிறு ஊழியமானாலும் சரி. உங்கள் மேய்ப்பரை நீங்கள் ஐயர் என்று கூப்பிடலாம், பாஸ்டர் என்று கூப்பிடலாம், ஃபாதர் என்று கூப்பிடலாம். நான் பேச வந்தது நம் எல்லோருக்கும் பொதுவான காரியம்.

நம் வாழ்க்கையின் மையம் கிறிஸ்துதான் என்பதை நம்மில் யாரும் மறுப்பதில்லை. வருஷப் பிறப்பு ஆராதனையில் கையில் வாங்குகிற வாக்குத்தத்த அட்டையிலிருந்து ஆட்டோவின் பின்கண்ணாடி வரை அவர் பெயர் இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் எல்லாவற்றிலும் அவரே மையம் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறவரைக்கும் யாருக்கும் எந்த நஷ்டமும் வருவதில்லை. பெண் கொடுக்கிற இடத்தில், கூலி கொடுக்கிற இடத்தில், பிணத்தைப் புதைக்கிற இடத்தில் அவர் மையமா என்று பேர் சொல்லிக் கேட்டால்தான் சபைக்குள் முகங்கள் மாறுகின்றன. அந்த இடங்களைப் பேர் சொல்லியே எழுதப் போகிறேன்.

அந்தியோகியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பேதுரு அங்கே புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். பேதுருவின் விசுவாச அறிக்கையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சிலுவை, உயிர்த்தெழுதல் எதையும் அவர் மறுக்கவில்லை. எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பவுல் அதைப் பந்தி மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்தை விட்டே விலகிப் போவதாகக் கண்டு, எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் விசுவாசத்தினால் வரும் நீதியைப் பற்றிய உபதேசமாகவே கேட்கிறோம். அந்த உபதேசம் சாப்பாட்டுப் பந்தியில் எழுந்த சண்டையிலிருந்துதான் தொடங்குகிறது.

இதே சண்டை நம் மண்ணிலும் நடந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்திய மிஷன் சபைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சபைக்குள் சாதி வேற்றுமையைத் தயக்கமில்லாமல், உடனே, நிரந்தரமாக விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். தனித்தனி உட்காருமிடம், திருவிருந்தில் யார் முதலில் யார் பின்னால் என்ற முறை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கொந்தளிப்பு எழுந்தது. பல குடும்பங்கள் சபையை விட்டே வெளியேறின.

அந்தக் காலத்தில் தஞ்சாவூரில் வாழ்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு படித்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் நமக்குக் கிறிஸ்மஸ் இல்லை, கல்யாணம் இல்லை. அவர் பாட்டின் ஒவ்வொரு அடியிலும் இயேசு இருக்கிறார். அப்படிப்பட்டவர், தம் சபையில் சாதி ஆசாரம் தொடர வேண்டும் என்று 1829இல் நூலே எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தப் பாட்டுகளால் வளர்ந்தவன் நான். ஆனாலும் இந்த உண்மையை மறைத்துப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன். பாட்டில் முழுக்க முழுக்கக் கிறிஸ்து இருந்தும் பந்தியில் அவருக்கு இடமில்லாமல் போகலாம் என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற சாட்சி அது.

பழைய கதை என்று சொல்லிவிடாதீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரித்த சுவரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் 2008 மார்ச் மாதம், ஒரே ஆலயத்துக் கிறிஸ்தவர்களுக்குள் மூண்ட சாதி மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர்கள் போயின. இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலையைச் சொல்கிறவர்கள்தான்.

நம் பகுதியில் இப்படிச் சுவர் இல்லை. இங்கே யாரும் திருவிருந்தில் தனிக் கிண்ணம் கேட்பதில்லை. அதற்கு ஒரு காரணம், நாம் எல்லோருமே பிழைக்க வந்தவர்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது, அம்பத்தூர் எஸ்டேட் 1964இல் வந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பாடி கம்பெனிகள், பெரம்பூர் கோச் ஃபேக்டரி என்று வேலை தேடித் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஷிஃப்டு முடிந்து வந்து ஒரு வீட்டின் முன்னறையில் பாய் விரித்து ஆரம்பித்த ஜெபக்கூட்டங்கள்தான் இன்று கோபுரம் வைத்த ஆலயங்களாக நிற்கின்றன. தெற்கத்தியார் தங்களோடு, ஆலயப் பொது விருந்தான அசனத்தையும் கொண்டுவந்தார்கள். அசனத்தன்று ஆலய வளாகத்தில் விடியற்காலமே அடுப்பு மூட்டி, அண்டாவில் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பை வாளியில் எடுத்து வரிசையாகப் பரிமாறுகிறவர்களைப் பாருங்கள். எல்.ஐ.சி. அதிகாரி வாளி தூக்குவார், ஆலயத்தைக் கூட்டுகிற அம்மா இலையில் உட்கார்ந்திருப்பார். யாருக்கு எந்தத் துண்டு என்று பார்த்துப் போடுவதில்லை. கிறிஸ்து நடுவில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் பிரசங்கத்தைக் காட்ட மாட்டேன், இந்தப் பந்தியைத்தான் காட்டுவேன்.

ஆனால் அந்தப் பந்தி மத்தியானம் மூன்று மணிக்கு முடிந்துவிடுகிறது. அசனத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவரின் மகனுக்கு நம் மகளைக் கொடுப்போமா என்ற கேள்வியை நாம் வீட்டுக்குள் வரவிடுவதில்லை. கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமகன் தேவை பக்கத்தை எடுத்துப் படியுங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள என்று வரிசையாக எழுதிவிட்டு, அதே வரியில் சாதிப் பெயர், சில நேரம் உட்பிரிவுப் பெயரும். ஜெபத்தோடு காத்திருக்கிறோம் என்று சொல்கிற தகப்பனார், தரகரிடம் முதலில் விசாரிப்பது எதை என்று உங்களுக்குத் தெரியும். சில சபைகளின் கல்யாணத் தகவல் படிவத்திலேயே அதற்கென்று ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறது. கேட்டால், எங்களுக்கு ஒன்றுமில்லை, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்கிறார்கள். பேதுருவும் எருசலேமிலிருந்து வந்தவர்களுக்குத்தான் பயந்தார்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. சான்றிதழில் இந்து என்று வைத்துக்கொண்டு ஆலயத்துக்கு வருகிற தலித் குடும்பங்களைப் பற்றிச் சபைக்குள் ஏளனமாகப் பேசுகிறோம். இரட்டை வாழ்க்கை என்கிறோம், விசுவாசத்தில் உறுதியில்லை என்கிறோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். இதை மாற்றச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. தெருவில் சாதி கேட்டு அவமானப்படுத்துகிறவன் ஞானஸ்நான அட்டையைப் பார்த்து விட்டுவிடுவதில்லை. சலுகை மட்டும் அட்டையைப் பார்த்துப் போய்விடுகிறது. பிள்ளையின் படிப்பா விசுவாச அறிக்கையா என்று அரசாங்கம் ஒரு தாயை நெருக்கும்போது, அவளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய சபை அவளையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது. சாதிக் கட்டம் பார்த்து மகளைக் கட்டிக்கொடுத்தவர் இந்தத் தாயின் விசுவாசத்தை அளக்க எந்த அதிகாரமும் இல்லாதவர் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

இனி வேலை செய்கிற இடம். எஸ்டேட்டிலும், அத்திப்பட்டு, பட்டரவாக்கம், திருமுல்லைவாயல் சந்துகளிலும் லேத்து, பவர் பிரஸ், பெயின்டிங், ரப்பர் மோல்டிங் என்று நம் சபை மக்கள் நடத்துகிற பட்டறைகள் ஏராளம். பல பட்டறைகளுக்கு வேதாகமத்திலிருந்து எடுத்த பேர். நாள் ஜெபத்தோடு ஆரம்பிக்கிறது. முதலாளி மேசைக்கு மேலே வசனக் காலண்டர். இதையெல்லாம் நான் மெச்சுகிறேன். அதற்கப்புறம் மூன்று காரியங்களைப் பாருங்கள் என்கிறேன்.

பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். பதினான்கு பேர் நிற்கிற ஷெட்டில் ஆஜர்ப் பதிவேட்டில் ஒன்பது பேர் இருந்தால், மற்ற ஐந்து பேரும் ஆவிக்குரிய பொருளில் அல்ல, சட்டப்படியே இல்லாதவர்கள். முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். இவ்வளவு சிறிய தொகைக்காகத்தான் ஒரு மனுஷனின் ஆஸ்பத்திரி உரிமையை எடுத்துவிடுகிறோம். இரண்டாவது, பவர் பிரஸ். கை உள்ளே போனால் மெஷின் நிற்பதற்காக ஒரு தடுப்பு இருக்கும். பீஸ் எண்ணிக்கை குறைகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற ஷெட்டுகள் உண்டு. விரல் போனபின் ஜெபக் குறிப்பில் அந்தப் பையன் பேர் வரும். தடுப்பைத் திரும்ப மாட்டுவதுதான் அந்த ஜெபத்துக்கு முதல் பதில். மூன்றாவது, ஓவர்டைம் பாக்கி. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு நாட்டுக்கோழியைப் பல ஆயிரத்துக்கு எடுத்துக் கைதட்டல் வாங்குகிறோம், சந்தோஷமான காணிக்கைதான். பிடித்துவைத்த கூலி கர்த்தருடைய செவியில் கூக்குரலிடும் என்று யாக்கோபு சொன்னதை அந்த ஏல மேடையிலிருந்து யாராவது ஒருமுறை வாசித்தால் நன்றாக இருக்கும்.

இதெல்லாம் கம்யூனிஸ்ட் பேச்சு, சுவிசேஷம் வேறு என்று சொல்கிறவர்களுக்கு நான் வி. சக்கரைச் செட்டியாரைக் காட்டுகிறேன். நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? 1880இல் பிறந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1903இல் ஞானஸ்நானம் பெற்றவர், வழக்கறிஞர். மற்ற அவதாரங்கள் வந்து காரியம் முடிந்ததும் மறைகின்றன; இயேசுவின் அவதாரமோ முடிவதில்லை, பரிசுத்த ஆவியானவர் வழியாக விசுவாசியின் உள்ளத்தில் அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார். 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடுகிற சமயத்தில், இந்தியக் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே யோசித்துப் பேச வேண்டும் என்று ஒரு தொகுப்பு நூல் வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். கிறிஸ்துவைத் தவிர வேறு எதுவும் மையமில்லை என்பதில் அவருக்கு இணையாக அந்தத் தலைமுறையில் பேசியவர்கள் மிகக் குறைவு. அவர்தான் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் முன்னால் நின்றார். ஏ.ஐ.டி.யு.சி. தொழிற்சங்கத்தின் அகில இந்தியத் தலைவராக இருந்தார். 1941இல் சென்னை மாநகர மேயரானார். இயேசு இன்னும் மனுஷனாக நம்மோடு இருக்கிறார் என்று நம்புகிறவன், அவர் எந்த வாசலில் நிற்கிறார் என்று தேடிப் போகத்தானே வேண்டும்? செட்டியார் போன இடங்களில் ஒன்று ஆலை வாசல்.

எல்லா இடத்துக்கும் கிறிஸ்துவே ஆண்டவர் என்ற அறிக்கை எவ்வளவு விலை கேட்கும் என்பதை ஜெர்மனிச் சபையும் கற்றுக்கொண்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டின் கோடையில், இறையியலாளர் டீட்ரிக் போன்ஹாஃபர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்துவே மையம் என்று விரிவுரை நடத்தினார். யூத இரத்தம் உள்ளவர்களைச் சபை ஊழியத்திலிருந்து நீக்க வேண்டும் என்ற குரல் எழுந்த அதே வருஷம் அது. அந்தக் குரலை அவர் எதிர்த்தார். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கில் போட்டார்கள். 1934 மே மாதம் பார்மன் நகரத்தில் கூடிய சபைப் பிரதிநிதிகள், கிறிஸ்துவுக்குச் சொந்தமில்லாமல் வேறு எஜமான்களுக்குச் சொந்தமான பகுதி என்று நம் வாழ்க்கையில் எதுவும் இல்லை என்று அறிக்கை செய்தார்கள். அதைப் பெரும்பாலும் எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். மகத்தான அறிக்கை. ஆனால் அதில் யூதர் என்ற சொல் இல்லை. பல வருஷங்கள் கழித்து, யூதர் பிரச்சினையைத் தீர்மானமான ஒன்றாக அப்போதே முன்வைக்காதது தம்முடைய குற்றம் என்று பார்த் எழுதினார். வாழ்வின் எல்லாப் பகுதியிலும் கிறிஸ்து என்று அறிவித்த வாயிலிருந்து, பக்கத்து வீட்டில் அடிபடுகிறவன் பேர் வரவில்லை. நம் மேடைகளில் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு தயக்கம் உங்களுக்கு வரும், அதை நான் மதிக்கிறேன். நாம் சிறுபான்மை; வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தாலே புகார் போகிற காலம்; இந்த நேரத்தில் நம் குறையை நாமே ஊருக்குச் சொல்லலாமா? சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். நம் குறை ஊருக்கு ஏற்கெனவே தெரியும். அம்பேத்கர் தெரிந்துதான் எழுதினார், பெரியார் தெரிந்துதான் கேட்டார். நம்மைத் திட்டுகிறவர்களுக்குப் பயந்து, பந்தியை விட்டு எழுந்துபோன தலித் சகோதரனின் பேரைச் சொல்லாமல் இருந்தால், நாம் காப்பாற்றுவது சபையின் மானத்தை மட்டும்தான்.

நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கல்யாணப் படிவத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள்; அதில் சாதிக் கட்டம் இருந்தால் நீக்குங்கள், வரன் பார்க்கிற குழுவிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வீட்டார் துணிந்து சம்மதித்தால் அந்தக் கல்யாணத்துக்குச் சபை முழுவதும் போய் நில்லுங்கள். சொந்தக்காரர் வராத குறையை அவர்கள் உணராதபடி நில்லுங்கள். உங்கள் சபையின் கல்லறை இடத்தில், சொந்தக் கல்லறை இல்லாத சின்னச் சபைக்காரர்களுக்கும் இடம் கொடுங்கள். துக்க வீட்டில் உட்கார்ந்து நீ எந்த சபை, சந்தா கட்டினாயா என்று விசாரிப்பதை நிறுத்துங்கள். பட்டறை வைத்திருக்கிறவர்கள் இந்த மாதமே ஆஜர்ப் பதிவேட்டையும் ஷெட்டில் நிற்கிற தலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் நம் அப்பாக்கள் டிரங்குப் பெட்டியோடு இறங்கிய அதே ஸ்டேஷன்களில் இப்போது ஜார்கண்ட், ஒடிசா, அசாம் பையன்கள் இறங்குகிறார்கள். அயப்பாக்கத்திலும் மண்ணூர்பேட்டையிலும் ஓர் அறைக்கு எட்டுப் பேர், பகல் ஷிஃப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிஃப்டுக்காரன் படுக்கிறான். அவர்களில் முண்டா, ஓராவோன், காடியா கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்; பலர் தாத்தா காலத்திலிருந்து விசுவாசிகள். ஞாயிறு காலை பத்து மணி ஆராதனை அவர்கள் வேலை நேரத்தில் வருகிறது. நம் தமிழ் அவர்களுக்குப் புரியாது. ஆலயம் ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்குப் பூட்டியே கிடக்கிறது. சாவியையும் ஒரு மைக்கையும் அவர்கள் கையில் கொடுத்தால் அவர்களே அவர்கள் பாஷையில் பாடி ஜெபித்துக்கொள்வார்கள். அடுத்த அசனத்துக்குத் தேதி குறிக்கும்போது அவர்கள் ஷிஃப்டையும் கேட்டுக் குறியுங்கள். ஆட்டுக்கறியை அரைக் கிலோ கூடுதலாக எடுக்க வேண்டாம், அண்டாவையே இன்னொன்று ஏற்றுங்கள். வருகிறவர்கள் நிறையப் பேர்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
அம்பத்தூரிலிருந்து